மருந்து அடிக்காத வயலையும் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மனித மனம் செய்திகளை எப்படி வாங்கிக்கொள்கிறது, எப்படி நினைவில் வைக்கிறது, எப்படி முடிவெடுக்கிறது என்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். காவிரிப் படுகையிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி; இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரும் தொழிலும் மட்டும் தரப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, சம்பா நட்டு இருபது நாளில் இலை சுருண்டு வெளுக்கத் தொடங்கினால் எங்கள் ஊரில் உடனே மருந்து அடித்துவிடுவோம். பத்து நாளில் பயிர் தேறிவிடும். வேளாண் அலுவலரோ அந்தப் பருவத்தில் மருந்தே வேண்டாம் என்கிறார். இத்தனை வருடமாகக் கண்ணால் கண்டதை நம்புவதா, அவர் சொல்வதை நம்புவதா?
– விவசாயி, நீடாமங்கலம்

பதில்: பயிர் தேறியது உண்மை; அதில் ஐயமில்லை. ஆனால் அது மருந்தால் தேறியதா என்ற கேள்விக்கு மருந்து அடித்த வயலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. மருந்து அடித்துத் தேறிய வயல், அடித்தும் தேறாத வயல், அடிக்காமலே தேறிய வயல், அடிக்காமல் கெட்ட வயல் என்று நான்கு வகை உண்டு. ஊரே மருந்து அடிக்கும்போது பின்னிரண்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. முன்னிரண்டிலும் தேறியது மனத்தில் நிற்கும். தேறாததற்கு மருந்து கலப்படம் என்றோ, அடித்த அன்றே மழை வந்துவிட்டது என்றோ ஒரு காரணம் கிடைத்துவிடும். நான்கில் ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இது விவசாயிகளுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. நார்வே நாட்டு உளவியலாளர் யான் ஸ்மெட்ஸ்லண்ட் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் செவிலியர்களிடம் 100 நோயாளிகளின் விவர அட்டைகளைக் கொடுத்து, குறிப்பிட்ட ஓர் அறிகுறிக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார். அறிகுறியும் நோயும் சேர்ந்திருந்தவை 37 அட்டைகள். அறிகுறி இருந்தும் நோய் இல்லாதவை 33. அறிகுறி இல்லாமல் நோய் மட்டும் இருந்தவை 17. இரண்டும் இல்லாதவை 13. கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிகுறி இருந்த 70 பேரில் 37 பேருக்கு நோய், அதாவது பாதிக்குச் சற்று மேல். அறிகுறி இல்லாத 30 பேரில் 17 பேருக்கு நோய், அதுவும் பாதிக்குச் சற்று மேல்தான். ஆகவே அந்த அறிகுறியை வைத்து நோயை அறிய வழியே இல்லை. ஆனாலும் பெரும்பாலான செவிலியர் தொடர்பு உண்டு என்றே சொன்னார்கள். சான்றாக அவர்கள் காட்டியவை அந்த 37 அட்டைகள்.

உங்கள் கேள்விக்கு நேராகவே விடை தரும் ஆய்வு ஒன்றும் உண்டு. அது இன்னொரு ஆற்றுப் படுகையில், வியட்நாமின் மீகாங் படுகையில் நடந்தது. அங்கும், இலையைச் சுருட்டி வெளுக்க வைக்கும் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டவுடன் மருந்து தெளிப்பது வழக்கம். இளம் பயிர் தூர் கட்டும் பருவத்தில் புதிய இலைகளை விட்டு இழப்பை ஈடுசெய்துகொள்ளும் என்பதும், அந்தப் பருவத்தில் தெளிக்கும் மருந்து புழுவோடு சிலந்தி போன்ற நன்மை செய்யும் பூச்சியுண்ணிகளையும் கொன்று, பின்னால் புகையான் என்னும் சாறுறிஞ்சும் பூச்சி பெருக வழிசெய்துவிடும் என்பதும் பயிரியலார் அறிந்தவை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. எல். ஹியாங் குழுவினர் இதை 1990-களில் விவசாயிகளிடம் பாடமாக நடத்தவில்லை. விதைத்த முதல் 40 நாட்களுக்கு வயலின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மருந்து தெளிக்காமல் விட்டு, அறுவடையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். விளைச்சலில் வேறுபாடு இல்லை என்பதை விவசாயிகளே கண்டார்கள். அதன்பின் சிறு வானொலி நாடகங்கள் வழியாக அந்தச் செய்தி பரவியது. லாங் ஆன் மாகாணத்தில் ஒரு போகத்துக்குச் சராசரியாக 3.4 முறை தெளித்துவந்தவர்கள் 1.6 முறைக்கு இறங்கினார்கள்.

எனவே நீங்கள் யாரையும் நம்ப வேண்டியதில்லை. அரை மா நிலத்தை, வரப்போரமாக அல்லாமல் வயலின் நடுப்பகுதியில், குச்சி நட்டுக் கயிறு கட்டி ஒதுக்குங்கள். அங்கே முதல் நாற்பது நாள் மருந்து வேண்டாம். உரம், தண்ணீர், களை எல்லாம் மற்ற இடத்தைப் போலவே இருக்கட்டும். சேதம் கட்டுமீறிப் போவதாகத் தோன்றினால் அலுவலரை அழைத்துக் காட்டுங்கள். அறுவடை இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன்பாகவே, ஒதுக்கிய இடத்தில் ஐந்து மீட்டர் சதுரமும், மருந்து அடித்த இடத்தில் அதே அளவும் கையால் அறுத்துத் தனித்தனியே எடை போடுங்கள். இயந்திரம் இறங்கிவிட்டால் இரண்டும் கலந்துவிடும். ஒரு போகத்து உழைப்பு வீணாகும். பக்கத்து வயல்காரர் இரண்டு மூன்று பேரும் இதைச் செய்தால் முடிவு இன்னும் உறுதிப்படும்.

கேள்வி: கடன்பட்டவன் யோசிக்காமல் நடப்பதால்தான் கடன்படுகிறான் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். கேட்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. மனோதத்துவ ஆராய்ச்சி இதைப் பற்றி என்ன சொல்கிறது?
– விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர், கீழ்வேளூர்

பதில்: அவர்கள் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக வைக்கிறார்கள் என்று காட்டிய ஆய்வுகளுள் மிகப் பெயர் பெற்றது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்து, அதன் முடிவை 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிட்டால் படிப்பு, உணவு, உடல்நலம் எனப் பல வேறுபாடுகள் குறுக்கே வரும். ஆகவே அவர்கள் ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டார்கள். கரும்புக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒரு முறை. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டுவிடும். ஆய்வில் பங்கேற்றவர்களில் அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 விழுக்காட்டினரே. கடன் வைத்திருந்தவர்கள் 99 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாகக் குறைந்தார்கள்.

கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு நுட்பமான காரணமும் உண்டு. ஆலை ஒரே நாளில் எல்லாருடைய கரும்பையும் அரைக்க முடியாது. வெட்டு உத்தரவு ஒருவருக்கு முன்னும் ஒருவருக்குப் பின்னுமாக மாதக்கணக்கில் பரவி வரும். எனவே ஒரே மாதத்தில் பக்கத்துப் பக்கத்து விவசாயிகளில் ஒருவர் பணத்தோடும் ஒருவர் கடனோடும் இருப்பார்கள். வெயில், பண்டிகை, காய்ச்சல் காலம் என்று வேறு எதன் மீதும் பழியைப் போட்டுவிட முடியாது.

அவர்களுக்கு இரண்டு சோதனைகள் வைக்கப்பட்டன. ஒன்றில், வடிவங்களின் வரிசையில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றொன்றில், 5 5 5 என்று எழுதிக் காட்டினால் ‘ஐந்து’ என்று வாய்க்கு வருவதை அடக்கிக்கொண்டு, எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று எண்ணி ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். முதல் சோதனையில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரியாக இருந்தன, பின் 5.45. இரண்டாவதை முடிக்க முன்பு 146 விநாடிகள் ஆயின, பின்பு 131. அதே மனிதர், அதே மூளை. மாறியது கையிருப்பு மட்டுமே. கடன்பட்டவரிடம் அறிவு இல்லாமல் இல்லை. அதில் ஒரு பங்கு நாள்தோறும் கடனுக்கே வட்டியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு முழு உண்மையையும் சொன்னவனாக மாட்டேன். ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினால் இயல்பாகவே நன்றாக எழுதமாட்டார்களா என்று சிலர் கேட்டார்கள். அதற்காகவே அறுவடைக்குப் பின் முதன்முறையாகத் தேர்வெழுதிய ஒரு பிரிவினரையும் ஆய்வாளர்கள் வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினரோடு ஒப்பிட்டபோதும் வேறுபாடு இருந்தது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் செய்த ஓர் ஆய்வில், 2016-இல் வெளியானது, அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. தட்டுப்பாடு மனத்தைப் பாதிக்கும் விதம் பற்றிய 20 சோதனைகளை 2021-இல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தபோது பெரும்பாலானவற்றில் முதல் முடிவு கிடைக்கவில்லை. மறுபக்கம், ஒடிசாவில் இலைத்தட்டுத் தைக்கும் தொழிலாளர்களுள் ஒரு பகுதியினருக்குக் கூலியைச் சில நாள் முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வேலையின் வேகம் கூடியது. கவனக்குறைவால் வரும் பிழைகளும் குறைந்தன. எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, பணக் கவலை கவனத்தைத் தின்கிறது என்பதை ஏற்கப் போதிய ஆதாரம் உண்டு என்பது என் கருத்து. அது எந்த அளவு, எந்தச் சூழலில் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. கடன்பட்டவர் யோசிக்கத் தெரியாதவர் என்பதற்கோ இவற்றுள் எந்த ஆய்விலும் ஆதாரம் இல்லை.

உங்கள் சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில் வருகிறது. நடவு, களை, உரம் என்று எல்லாம் செலவாகி, வரவே இல்லாத நேரம் அது. சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் என்று ஏழெட்டுத் தாள் சேர்க்க வேண்டிய வேலையை ஒருவர் தலையில் சுமத்த அதைவிட மோசமான காலம் கிடையாது. ஒரு நாளைக் குறித்து, எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அன்றே பதிவு செய்து அனுப்புங்கள். கெடு நாளை நினைவூட்டி வெறுமனே துண்டறிக்கை கொடுப்பதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

கேள்வி: கடையில் வாடிக்கையாளர் ஒரே மூச்சில் பத்துச் சாமான் சொன்னால் எங்கள் பையன் நாலைத்தான் எடுத்து வருகிறான். பத்தொன்பது வயதுதான். இது மறதி நோயா?
– மளிகைக் கடைக்காரர், திருத்துறைப்பூண்டி

பதில்: நோயே இல்லை, அவரைத் திட்டாதீர்கள். மனம் ஒரே சமயத்தில் ஏறத்தாழ ஏழு உருப்படிகளைத் தாங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் பல ஆய்வுகளை ஆராய்ந்து அது நான்குக்கு அருகில்தான் என்றார். உங்கள் கடைப் பையன் கோவனின் கணக்குப்படி சரியாகவே இருக்கிறார். உருப்படிகளைச் சேர்த்துக் கட்டினால் இடம் மிச்சமாகும்: புளி, மிளகு, சீரகம், துவரம்பருப்பு என்று நான்கை வைத்துக்கொள்ளாமல் ‘ரசத்துச் சாமான்’ என்று ஒன்றாக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். அதைவிட நல்லது, கையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். விடியற்காலையில் எழுந்து உயிரியல் பாடத்தை நாலு தடவை வாசிக்கிறாள், வண்ணப் பேனாவால் கோடு போடுகிறாள், எல்லாம் தெரியும் என்கிறாள். தேர்வு அறையில் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை என்று அழுகிறாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என்னால் என்ன உதவி செய்ய முடியும்?
– குடும்பத் தலைவி, கும்பகோணம்

பதில்: நிறையச் செய்ய முடியும் அம்மா. உங்கள் மகள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது; உழைப்பு போகும் இடம்தான் சரியில்லை. ஒரு பக்கத்தை நான்காம் முறை வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தையே ‘தெரியும்’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வு அறையிலோ புத்தகம் கண்முன் இருக்காது; உள்ளேயிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும். அந்த எடுக்கும் வேலையை அவள் வீட்டில் ஒரு முறைகூடச் செய்து பழகவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்து, சிலவற்றை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள்; சிலவற்றை ஒரு முறை வாசித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரு முறை வாசித்ததில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை புரண்டுவிட்டது: வாசித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. அன்றைக்கே கேட்டால் வாசிப்பவருக்கு வெற்றி என்பதால்தான் இந்தப் பழக்கம் இத்தனை பேரை ஏமாற்றுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அவள் ஒரு பகுதியை ஒரு முறை கவனமாக வாசித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, அந்தப் பகுதியில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் பாதிகூட வராது. அவள் சலித்துக்கொள்வாள், விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்த பின் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை மட்டும் வேறு மையால் அதே தாளில் அவளே எழுதட்டும். மறுநாள் புதுப் பாடம் தொடங்குமுன், அடுப்படியில் நீங்கள் வேலை செய்துகொண்டே, நேற்றுப் படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவள் சொல்வது சரியா தவறா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்கே தடுமாறுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டாலே போதும், அந்த இடத்தை அவளே புத்தகத்தில் தேடிப் பார்ப்பாள். நான்கு நாள் விட்டு மறுபடியும் ஒரு முறை கேளுங்கள்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் ‘கொள்ளிடக் கரை உடைந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்துவிடுகிறது. என்னிடம் படித்துப் பட்டம் பெற்றவர்களே அதை நம்பிப் பரப்புகிறார்கள். படிப்பு இதற்குத் தடையாக இருக்க வேண்டாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவாரூர்

பதில்: இருக்க வேண்டும், ஆனால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இருப்பதில்லை. லின் ஹாஷரும் அவரோடு இணைந்த இருவரும் 1977-இல், இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மாணவர்களுக்குப் பல கூற்றுகளைக் கொடுத்து, எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த கூற்றுகள், உண்மையானாலும் பொய்யானாலும், ஒவ்வொரு முறையும் கூடுதல் உண்மையாகத் தோன்றின. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே அப்படியே பலிக்கிறது. தெரியாத செய்தியில்தான் இப்படி நடக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். லிசா ஃபாசியோ குழுவினர் 2015-இல் அதையும் சோதித்தார்கள். ‘ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் சேலை’ என்பது அவர்கள் பயன்படுத்திய பொய்களில் ஒன்று. இப்படிப்பட்ட பொய்கள்கூட, சரியான விடை தெரிந்தவர்களுக்கே, இரண்டாம் முறை படிக்கும்போது முன்பைவிடச் சற்று உண்மையாகத் தோன்றின. தெரிந்திருப்பது ஒன்று, அந்த நொடியில் தெரிந்ததை எடுத்துப் பார்ப்பது மற்றொன்று.

தடுக்கும் வழி அந்த நொடியில்தான் இருக்கிறது. ஒரு செய்தி உண்மை அல்லது பொய் என்று தான் கருதுவதற்கு என்ன காரணம் என்று நின்று சொல்லச் சொன்னாலே பொய்ச் செய்தியை அனுப்பும் விருப்பம் குறைகிறது என்று ஃபாசியோவின் பிந்தைய ஆய்வு ஒன்று காட்டுகிறது. உங்கள் பழைய மாணவர் குழுவில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: வெள்ளச் செய்தியை அனுப்புபவர், எந்த ஊர்க் கரை, எந்த நேரம், யார் பார்த்தது என்பதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்குப் பேசி உறுதி செய்தபின் அனுப்புவது இன்னும் நல்லது. மறுப்பு எழுதும்போது வதந்தியின் வாசகத்தைத் திரும்ப எழுதாமல், ‘இன்ன இடத்தில் கரை பத்திரமாக இருக்கிறது, இன்ன நேரத்தில் நீர்வளத் துறையினர் பார்த்தார்கள்’ என்று நடந்ததை எழுதுங்கள்.

கேள்வி: கஜா புயலில் என் தோப்பு முழுவதும் சாய்ந்தது. அடுத்த ஆண்டு ஊரில் எல்லோரும் காப்பீடு, காப்பீடு என்று பேசினோம். இப்போது பேச்சே இல்லை. ‘ஏழு வருடமாக ஒன்றும் வரவில்லையே மாமா’ என்கிறார் மருமகன். நாங்கள் மறந்துவிட்டோமா?
– தென்னை விவசாயி, பேராவூரணி

பதில்: 2018 நவம்பர் 16-ஐ உங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் நினைவில் இருப்பது வேறு, அது இன்றைய முடிவில் எடை பெறுவது வேறு. ஒரு நிகழ்ச்சி எவ்வளவு எளிதாக மனத்துக்கு வருகிறதோ அவ்வளவு அடிக்கடி அது நிகழும் என்று மதிப்பிடுவது நம் இயல்பு என ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் எழுதினார்கள். புயலுக்கு மறு ஆண்டு அது கண்முன் நிற்கும். அமைதியான ஆண்டுகள் சேரச் சேரப் பின்னால் போகும். அமெரிக்காவில் வெள்ளக் காப்பீட்டைப் பற்றி ஜஸ்டின் கலாகர் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது: வெள்ளம் வந்த மறு ஆண்டு காப்பீடு எடுப்பவர்கள் கூடுகிறார்கள், பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, ஒன்பது ஆண்டுகளுக்குள் பழைய நிலைக்கே வந்துவிடுகிறார்கள்.

மருமகனிடம் வேறு கால அளவில் கணக்குக் காட்டுங்கள். பேச்சுக்காக, தோப்பைச் சாய்க்கும் புயல் இருபது ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தாலும் ஏதேனும் ஏழு ஆண்டுகளில் ஒன்றுமே வராமல் போக நூற்றுக்கு எழுபது வாய்ப்பு உண்டு. எனவே ஏழு வருட அமைதி எதையும் நிரூபிக்கவில்லை. முப்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், ஒரு முறையாவது வருவதற்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு வாய்ப்பு. கஜாவுக்குப் பின் வைத்த நெட்டைத் தென்னை இப்போதுதான் பாளை தள்ளுகிறது. அது அறுபது ஆண்டு நிற்க வேண்டிய மரம். மரத்தின் ஆயுளை வைத்துத்தான் ஆபத்தை அளக்க வேண்டும். காப்பீட்டில் சேர்ந்தும் இழப்பீடு வராத அனுபவத்தால் ஒருவர் விலகினால் அது மறதியன்று, நியாயமான காரணம்; அவரோடு விதிமுறைகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கேள்வி: ‘டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்ய வாய்ப்பு’ என்று கேட்டுவிட்டு, சம்பா அறுவடைக்கு வரச் சொன்ன இயந்திரத்தை வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் ஒரு சொட்டும் இல்லை. அறிவிப்பை நம்புவதா வேண்டாமா?
– விவசாயி, மயிலாடுதுறை

பதில்: அந்த அறிவிப்பு பொய்க்கவில்லை, அதில் இரண்டு வெவ்வேறு அளவுகள் இருக்கின்றன, அவற்றை யாரும் நமக்குப் பிரித்துச் சொல்லவில்லை. முதல் அளவு, எவ்வளவு பரப்பில் பெய்யும் என்பது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி ‘ஓரிரு இடங்கள்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாதவை. ‘ஒரு சில இடங்கள்’ 26 முதல் 50. ‘பல இடங்கள்’ 51 முதல் 75. ‘பெரும்பாலான இடங்கள்’ அதற்கும் மேல். ஆகவே ‘ஓரிரு இடங்களில்’ என்ற அறிவிப்பு முழுக்கப் பலித்தாலும் நான்கில் மூன்று ஊர்களாவது நனையாமல் இருக்கலாம். இரண்டாவது, மழை வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது. அது தனிக் கணக்கு. ‘கனமழை’ என்பதற்கும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் என்ற வரையறை உண்டு.

இந்தக் குழப்பம் உலகெங்கும் உள்ளது. கெர்ட் கிகரென்சர் குழுவினர் 2005-இல் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், ‘நாளை மழைக்கு 30 விழுக்காடு வாய்ப்பு’ என்றால் என்ன பொருள் என்று மக்களிடம் கேட்டார்கள். நாளைப் பொழுதில் 30 விழுக்காடு நேரம் பெய்யும் என்றார்கள் பலர். 30 விழுக்காடு பரப்பில் பெய்யும் என்றார்கள் சிலர். நாளையைப் போன்ற வானிலை உள்ள நாட்களில் 30 விழுக்காட்டு நாட்களில் மழை பெய்யும் என்பதே சரியான பொருள். அதைப் பெரும்பான்மையோர் சொன்னது நியூயார்க்கில் மட்டும்தான். விழுக்காடாகச் சொல்லாமல் ‘இப்படிப்பட்ட பத்து நாட்களில் மூன்று நாள்’ என்று எண்ணிக்கையாகச் சொன்னால் மனம் எளிதாக வாங்கிக்கொள்கிறது என்பது கிகரென்சர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவது. நம் அறிவிப்புகளும் அப்படி வர வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

நம்புவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எனக்கு எது அதிக நட்டம் என்று கேளுங்கள். அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கிறது, 17 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள் என்ற நிலையில் இருப்பவருக்கு, நான்கில் ஓர் ஊரில் பெய்யும் என்ற செய்தியே தார்ப்பாயை எடுத்து மூடப் போதுமானது. மூடுவதால் அவருக்குச் செலவு ஒன்றுமில்லை, மூடாவிட்டால் மூட்டை திரும்பி வரும். உங்களைப் போல, கதிர் முற்றி வயலில் நிற்க, இயந்திரத்தைத் திருப்பிவிட்டால் மறுபடி முறை கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றிருப்பவருக்கு அதே செய்தி போதாது. ‘பல இடங்களில்’ என்ற அறிவிப்பு வரும்வரை அறுக்கலாம்; அறுத்ததை அன்றே மேட்டுக்கு ஏற்றிவிட வண்டியையும் சொல்லி வையுங்கள்.